பால் குடித்த செப்புமுகம்

அத்தியாயம் 7

சிலைத் தோட்டத்துக்குள் காலடி வைத்ததிலிருந்தே ஃபுர்பா தாமாங்குக்கு எதுவோ சரியில்லை என்றே பட்டது. காலையில் காலி வயிற்றில் கிளம்பியதுதான் காரணம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தான். மனசு ஒப்பவில்லை.

குளிர் உச்சமான பூஸ் மாதத்துப் பனி, லேலே கிராமத்துக்குப் போகும் மலைச்சரிவை மூடிக் கிடந்தது. மணி ஒன்பதரை ஆகியும் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நாலடி நடந்தால் பனிக்குள்ளிருந்து திடீரென்று ஒன்று முளைக்கும். சைக்கிள் சங்கிலிகளால் பின்னிய தலையில்லாத மனிதன். நிலநடுக்கத்தில் இடிந்த வீடுகளின் கதவு நிலைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய கோபுரம். அதில் ஒரு கதவுக்கு இன்னும் பூட்டு தொங்கியது.

"அக்கா, இந்தத் தலையில்லாத ஆளு நம்மளையே பார்க்கிறான்."

"தலையே இல்லாதவன் எப்படிடா பார்ப்பான்?"

"அதான் எனக்கும் பயமா இருக்கு."

தாரிணி ரஞ்சித்கார் சிரிக்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து வறுத்த சோயாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நடந்தாள். பன்னிரண்டு வருஷம் போலீஸில் இருந்துவிட்டு, மேலதிகாரியோடு ஒத்துப்போகாமல் வேலையை உதறியவள். பாட்டன் நகரில் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். ஃபுர்பா முன்பு மைக்ரோ பஸ் ஓட்டியவன். இப்போது அவளுடைய டிரைவர், உதவியாளர், வாய்.

பின்னால் சுபின் சில்பகார் வந்துகொண்டிருந்தான். கணக்கு வாத்தியார். நாலு நாளாகச் சவரம் செய்யாத முகம், கையில் ஒரு பிளாஸ்க். அவன் மனைவி ரபினா இந்தத் தோட்டத்தின் சிற்பிகளில் ஒருத்தி. வெள்ளிக்கிழமை சாயங்காலம், தன் சிலையில் ஏதோ ஆணியை முடுக்க வேண்டும் என்று இங்கே வந்தவள் வீடு திரும்பவில்லை. இன்று செவ்வாய்.

"அவளுக்கு எலுமிச்சை டீன்னா உசுரு. கிடைச்சதும் சூடா குடுக்கணும்" என்றான் சுபின். யாரும் கேட்காமலே சொன்னான். நேற்றும் இதையேதான் சொன்னான். ஃபுர்பாவுக்கு அவனைப் பார்க்கவே முடியவில்லை. அதைக் காட்டிக்கொள்ளாமல் பனியைத் திட்டினான்.

தோட்டத்தின் சொந்தக்காரர் உத்தவ பஸ்னேத் வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலை முதல் கால் வரை வெள்ளை. வெள்ளைத் தொப்பி, வெள்ளைத் துணிக் காலணி. தாயார் மழை தொடங்கும் அசார் மாதத்தில் போய்ச் சேர்ந்தாள். வருஷம் திரும்பும்வரை மகன் வெள்ளைதான் உடுத்த வேண்டும். கோயில் பக்கம் போகக் கூடாது, சிவப்பைத் தொடக் கூடாது, பால் வாயில் படக் கூடாது.

வேலைக்காரி மூன்று பேருக்குப் பால் டீ வைத்தாள். பஸ்னேத்துக்கு மட்டும் கறுப்பு டீ.

"தகப்பன் போயிருந்தா தயிரை மட்டும் விடறதோட போயிருக்கும். அம்மா போனதுல பாலே போச்சு. உங்க கஷ்டம் யாருக்கு வரும், ஹுஜூர்!" என்றான் ஃபுர்பா.

"உங்க ஆளுக்கு வாய் ஜாஸ்தி, தாரிணிஜி."

"சம்பளத்தைக் குறைச்சுப் பார்த்தேன். வாய் குறையல. ரபினாவை நீங்க கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"போலீஸ்கிட்ட சொன்னதையே எத்தனை தடவை சொல்றது? வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு டாக்ஸி பிடிச்சுப் போயிட்டாங்க. கோபமாத்தான் போனாங்க. அவங்க சிலையை ஊர்ப் பொம்பளைங்க சாமியாக்கிட்டாங்கன்னு சண்டை. எனக்கும் பிடிக்கலதான். கலைன்னு வெச்சா பூசை பண்றாங்க."

"டாக்ஸி நம்பர்?"

"நான் எதுக்கு நம்பரைப் பார்க்கப் போறேன்?"

"சிலைக்குப் பக்கத்துல கடைசியா நீங்க எப்போ போனீங்க?"

பஸ்னேத் கறுப்பு டீயை ஒரு வாய் உறிஞ்சினார். "மூணு வாரமாச்சு. சாமின்னு ஆனப்புறம் துக்கத்துல இருக்கறவன் அங்க போகலாமா? இன்னிக்கு மதியம் அஞ்சு சிலை லாரியில போகுது. வெளிநாட்டுல கண்காட்சி. அதுவும் போகுது. போயிட்டா இந்தத் தொல்லையும் போயிடும்."

வாசலில் கிரேன் வைத்த லாரி நின்றிருந்தது. இரண்டு ஆட்கள் சங்கிலியை உதறிக்கொண்டிருந்தார்கள்.

ரபினாவின் சிலை தோட்டத்தின் கோடியில், பைன் மரங்களுக்கு முன்னால் இருந்தது. செப்புத் தகட்டைத் தட்டித் தட்டிச் செய்த ஒரு பெண் முகம். உடம்பு கிடையாது. முகவாய் கல் மேடையில் ஊன்றி நிற்க, நெற்றி ஒன்பது அடி உயரத்தில் இருந்தது. கண்கள் மூடியிருந்தன. மூன்று விரல் நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தது. நெற்றியிலும் கன்னத்திலும் குங்குமம் அப்பி, அரிசி ஒட்டி, சாமந்தி மாலை தொங்கிற்று. பனிக்குள்ளே அதைப் பார்த்ததும் ஃபுர்பாவின் கை தானாகவே கும்பிடப் போயிற்று. பாதி வழியில் காதைச் சொறிந்து சமாளித்தான்.

மேடைக்கு முன்னால் ஏழெட்டுப் பெண்கள் குந்தியிருந்தார்கள். ஒரு பழுப்பு நாய் மேடையடியில் படுத்து, முகவாயையே ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டத்துக்குத் தலைவி கோமா கட்கா. வயது ஐம்பது இருக்கும். முதுகுக் கூடையில் பால் கேன், நெற்றியில் அகலப் பொட்டு, யாருக்கும் அடங்காத குரல்.

"என் எருமை காணாமப் போச்சு, தங்கச்சி. ரெண்டு நாள் தேடினேன். பார்த்தா, இவ முன்னால வந்து நிக்குது! கட்டை மாதிரி வத்திக் கிடந்த மடி அன்னிலேர்ந்து சுரக்குது. சாமியில்லாம என்ன?"

"அன்னிலேர்ந்து பால் ஊத்தறீங்களா, கோமாக்கா?"

"மூணு வாரமா. தினம் காலையில ஒரு சொம்பு, அவ வாயில."

"அந்தப் பால் எங்க போகும்?"

"உதட்டுல வழிஞ்சு கீழ வரும். இந்த நாய் நக்கும். ஆனா..." கோமாவின் குரல் தாழ்ந்தது. மற்ற பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். "சனிக்கிழமையிலேர்ந்து வழியல. ஊத்த ஊத்த உள்ள போகுது. குடிக்கிறா, தங்கச்சி. சனி, ஞாயிறு, திங்கள், மூணு நாள் குடிச்சா. என் கண்ணால பார்த்தேன்!"

"நாய் பாவம், மூணு நாளா பட்டினி" என்றான் ஃபுர்பா. சொல்லி முடித்ததும் தன் குரலே அவனுக்குப் பிடிக்கவில்லை. தாரிணி சோயா மெல்லுவதை நிறுத்தியிருந்தாள்.

"பின்பக்கம் போய்ப் பார்த்துட்டு வா" என்றாள் அவனிடம், ரொம்ப மெதுவாக.

ஃபுர்பா சுற்றிக்கொண்டு போனான். முகத்தின் பின்மண்டையில் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு மூடி இருந்தது. உள்ளே போய் ஆணி முடுக்க ரபினா வைத்த வழி. சுற்றிலும் எட்டு திருகாணிகள். செப்பு முழுக்கப் பச்சைக் களிம்பு பிடித்திருக்க, மூடியைச் சுற்றி மட்டும் குங்குமம் வாரி அப்பியிருந்தது. விரலால் வழித்தான். அடியில் ஆணித்தலைகள் பளபளத்தன. ஸ்பானர் பிடிக்க இடமில்லாமல் யாரோ சுத்தியலால் அடித்து நசுக்கியிருந்தார்கள்.

அவன் திரும்பி வந்து தாரிணியின் காதோடு சொன்னான். "அக்கா, முகத்துக்குப் பொட்டு வைப்பாங்க. பின்மண்டைக்கு எவளாவது வைப்பாளா? பளபளப்பை மறைக்கத்தான் எவனோ பூசியிருக்கான்."

தாரிணி தலையசைத்தாள். "சுபின், இந்த வாய் வழியா மழைத் தண்ணி உள்ள போகுமா?"

"போகாது. உதட்டுக்குப் பின்னால சாய்வா ஒரு தகடு வெச்சிருக்கா. என்ன விழுந்தாலும் வெளியதான் வழியும். நான்தான் சாய்வுக்குக் கணக்குப் போட்டுக் குடுத்தேன்."

"அந்தத் தகட்டை வளைக்க முடியுமா?"

"வெளியிலேர்ந்து கை எட்டாது. உள்ளேர்ந்து அழுத்தினா வளையும், விட்டா திரும்பிடும். யாராவது பிடிச்சுக்கிட்டே இருந்தாத்தான்..."

சுபின் வாக்கியத்தை முடிக்கவில்லை. கையிலிருந்த பிளாஸ்க் நழுவிக் கல்லில் விழுந்து, உள்கண்ணாடி நொறுங்கிற்று. அவன் மேடைமேல் தாவி ஏறி, செப்பு உதட்டில் வாயை வைத்துக் கத்தினான்.

"ரபினா! ரபினா!"

உள்ளிருந்து அவன் குரலே திரும்பி வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

"கோமாக்கா, இன்னிக்குப் பால் ஊத்தினீங்களா?" தாரிணியின் குரல் கறாராக மாறியிருந்தது.

"இல்லியே. நேத்து சாயங்காலம் பஸ்னேத் பாபு வீட்டுக்கு வந்து தடை சொல்லிட்டார். 'என் மண்ணுல நிக்கிற தேவி அவ. இந்த வீட்டுல தாய் போயிருக்கா. எனக்கு ஆகாத பால் என் வீட்டுத் தேவிக்கு மட்டும் எப்படி ஆகும்? வருஷம் திரும்பற வரைக்கும் ஒரு சொட்டு கூடாது'ன்னார். நியாயமாத்தான் பட்டுது."

ஃபுர்பா பஸ்னேத்தின் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். என்ன மனுஷன் இவன்! கொலைக்குக்கூட ஒரு ஆசாரத்தைக் கண்டுபிடித்திருக்கிறானே!

"அம்மா போய் அஞ்சரை மாசம்" என்றாள் தாரிணி. யாருக்கோ உரக்கச் சொல்வது போலிருந்தது. "பால் ஊத்த ஆரம்பிச்சு மூணு வாரம். பால் வெளிய வழிஞ்சு நாய் நக்கினவரைக்கும் பஸ்னேத்துக்கு அம்மா ஞாபகம் வரல. உள்ள போக ஆரம்பிச்சதும் வந்திருச்சு."

"ரொம்ப நல்ல கதை, தாரிணிஜி."

பனிக்குள்ளிருந்து வெள்ளை உருவம் வந்து நின்றது. பின்னாலேயே லாரி ஆட்கள் இருவர், தோளில் சங்கிலி.

"கட்டுங்கடா. நேரமாச்சு."

"கட்டக் கூடாது. மூடியைத் திறக்கணும்" என்றாள் தாரிணி.

பஸ்னேத் அவளைப் பார்க்கவே இல்லை. பெண்களைப் பார்த்தார். குரலில் வெல்லம் வழிந்தது. "கேட்டீங்களா? உங்க தேவியை உளியால வெட்டப் போறாங்களாம். பாட்டன்லேர்ந்து வந்து, நம்ம சாமி தலையில ஓட்டை போடப் போறாங்க. பார்த்துக்கிட்டு நிப்பீங்களா?"

பெண்கள் எழுந்துவிட்டார்கள். ஒருத்தி சுபினின் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். இன்னொருத்தி மூடியின் மேல் முதுகைச் சாய்த்துக் கைகளை விரித்தாள். "எங்களை வெட்டிட்டு வெட்டுங்கடி!"

"போலீஸுக்குச் சொல்லியாச்சு. வந்துக்கிட்டிருக்காங்க" என்றான் ஃபுர்பா, அப்போதுதான் பேசி முடித்த போனைக் காட்டி. மேலே வரும் சாலையின் லட்சணம் அவனுக்குத் தெரியும். முக்கால் மணி நேரமாவது ஆகும். உள்ளே இருப்பவளுக்கு முக்கால் மணி இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை.

தாரிணி கத்தவில்லை. கோமாவின் எதிரில் போய் நின்றாள்.

"கோமாக்கா, தேவிக்குத் தாய் ஏது, துக்கம் ஏது? அவளுக்குத் தடை போட இந்த ஆளு யாரு? உங்க கேன்ல பால் இருக்கா?"

"இருக்கு. சொசைட்டிக்குக் கொண்டு போறது."

"ஊத்துங்க. நீங்களே பாருங்க. நான் ஒண்ணும் சொல்லல."

கோமா பஸ்னேத்தைப் பார்த்தாள், செப்பு முகத்தைப் பார்த்தாள். பிறகு கூடையை இறக்கினாள்.

"பாவம் வந்து சேரும், கோமா!" என்று பஸ்னேத் சீறினார்.

"என் எருமைப் பாலு, பாபு. என் பாவம்."

அவள் மேடைமேல் ஏறி, சொம்பை அந்தச் செப்பு வாயில் சாய்த்தாள். எல்லோரும் உதட்டைப் பார்த்தார்கள்.

பால் வழிந்தது. கீழுதட்டில் ததும்பி, முகவாயில் இறங்கி, கல் மேடையில் சொட்டிற்று. நாய் துள்ளி எழுந்து நக்கத் தொடங்கியது.

சுபின் அப்படியே மண்டியிட்டான். அவன் வாயிலிருந்து வந்த சத்தத்தை ஃபுர்பா அதற்கு முன்னால் எந்த மனிதனிடமும் கேட்டதில்லை. தகட்டைப் பிடித்துக்கொள்ள உள்ளே கை இல்லை. இருந்தது, நேற்றுவரை இருந்தது. ஒரே ஒரு நாள் தாமதமாக வந்துவிட்டோம் என்று நினைத்தபோது ஃபுர்பாவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. தாரிணியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

பஸ்னேத் புன்னகைத்தார். "பார்த்தாச்சா? குடிக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. சங்கிலியைப் போடுங்கடா."

"இன்னொரு தடவை" என்றாள் தாரிணி. "கோமாக்கா, இன்னொரு சொம்பு. மெதுவா."

கோமா மறுபடி மொண்டாள். மெல்லச் சாய்த்தாள். பால் முன்போலவே வழிந்தது. பாதிச் சொம்பு காலியாயிற்று. நாய்க்குக் கொண்டாட்டம். லாரி ஆள் சங்கிலியை மேடைக்கு எறிந்தான்.

அப்போது உதட்டில் ஓடிக்கொண்டிருந்த வெள்ளைக் கோடு மெலிந்தது. நூலாயிற்று. சொட்டாயிற்று. நின்றுவிட்டது. கோமா இன்னும் ஊற்றிக்கொண்டுதான் இருந்தாள். அத்தனையும் உள்ளே போயிற்று. நாய் தலை தூக்கி, ஏமாந்து போய்ப் பார்த்தது.

லாரி ஆள் எறிந்த சங்கிலியைத் திரும்ப இழுத்துக்கொண்டான்.

"உள்ள ஒரு பொண்ணு இருக்கா, கோமாக்கா" என்றாள் தாரிணி. "நாலு நாளா இருக்கா. உங்க பாலாலதான் உசுரோட இருக்கா."

கோமாவின் கையிலிருந்து சொம்பு உருண்டது. லாரிக்காரனின் இடுப்பில் செருகியிருந்த உளியையும் சுத்தியலையும் பிடுங்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். மூடியை மறைத்து நின்றவளை ஒரே தள்ளு. தன் சாமியின் பின்மண்டையில் முதல் அடியை அவளே அடித்தாள்.

வெள்ளை உருவம் பைன் மரங்களை நோக்கி நழுவப் பார்த்தது. ஃபுர்பா அதற்காகத்தான் காத்திருந்தான். நாலே எட்டில் பிடித்து, காலை வாரிக் கவிழ்த்து, முதுகின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"தொடாதேடா! துக்கத்துல இருக்கேன்!"

"நான் தாமாங், பௌத்தன், ஹுஜூர். உங்க தீட்டு எனக்கு ஒட்டாது. நல்லாப் படுத்துக்குங்க." அந்த வெள்ளைக் கையைத் திருப்பிப் பார்த்தான். நகக்கண்களில் குங்குமம் அப்பிக் கிடந்தது. "சிவப்பையே தொடாதவர் கையைப் பாருங்க, அக்கா!"

எட்டாவது ஆணி தெறித்து, மூடி விழுந்தது. வைக்கோல் வாடையும் புளித்த பால் வாடையும் குப்பென்று அடித்தன. உள்ளே வைக்கோலுக்குள் புதைந்து சுருண்டு கிடந்தாள் ரபினா. கழுத்தைச் சுற்றிக் கறுநீலமாக விரல் தடங்கள். ஒரு கால் கோணலாகத் திரும்பிக் கிடந்தது. ஒரு கை மட்டும் இன்னும் மேலே தூக்கியபடி தகட்டைப் பிடித்திருந்தது. பக்கத்தில் சாக்குப் பைக்குள்ளிருந்து ஒரு பழைய கல் விக்கிரகம் எட்டிப் பார்த்தது. தலைமுறை தலைமுறையாகத் தொட்டுத் தொட்டு மூக்குத் தேய்ந்த அம்மன். எந்த ஊர்க் கோயிலில் பெயர்த்தார்களோ!

ஃபுர்பாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. புதுச் சிலைக்கு வெளிநாட்டுக் கண்காட்சி, அதன் வயிற்றில் வைக்கோல் சுற்றித் திருட்டுச் சாமி. ஆணி முடுக்க வந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். கழுத்தை நெரித்தவன், செத்துவிட்டாள் என்று நினைத்து அங்கேயே போட்டு மூடிவிட்டான். சனிக்கிழமையிலிருந்து பால் உள்ளே போகிற கதை நேற்று காதில் விழுந்தபோதுதான் அவனுக்கு உண்மை தெரிந்திருக்கும். பகலில் கூட்டம்; ஆணித்தலைகளைத் தானே நசுக்கிவிட்டதால் இரவில்கூடச் சத்தமில்லாமல் திறந்து கொல்ல முடியாது. பாலை நிறுத்தினால் போதும் என்று விட்டுவிட்டான்.

"மத்த நாலு சிலையையும் திறந்து பார்க்கச் சொல்றேன். ஒண்ணையும் விடமாட்டேன்" என்றாள் தாரிணி, பஸ்னேத்தின் பக்கம் திரும்பாமலே.

சுபின் மனைவியை வெளியே தூக்கி மடியில் போட்டுக்கொண்டான். ரபினா கண் திறந்தாள். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. நெரிபட்ட தொண்டையில் காற்று மட்டும் போய் வந்தது. அவளுடைய இன்னொரு கையில் ஒரு திருகாணி இருந்தது. இன்னும் உள்ளேதான் இருக்கிறோம் என்று நினைத்தாளோ என்னவோ, பக்கத்தில் கிடந்த மூடியில் அதைக்கொண்டு தட்டினாள். டக். டக். டக்.

கோமாவுக்கு முகம் பேயறைந்தாற்போல் ஆயிற்று. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீயா?" என்றாள். "நீயாடி தட்டினே?"

யாருக்கும் புரியவில்லை. தாரிணிதான் கேட்டாள். "என்ன கோமாக்கா?"

"சனிக்கிழமை காலையில இதே சத்தம், தங்கச்சி. உள்ளேர்ந்து. தேவி பேசறான்னு நினைச்சோம். எல்லாரும் விழுந்து கும்பிட்டோம். மணி அடிச்சோம். அவ தட்டத் தட்ட, நாங்க இன்னும் பலமா அடிச்சோம். ஞாயித்துக்கிழமையும் அப்படித்தான். நேத்து சத்தம் குறைஞ்சிருந்தது. தேவி குளிர்ந்துட்டான்னு சொல்லிக்கிட்டோம்." அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "உசுருக்குத் தட்டியிருக்கா. நாங்க மணியடிச்சு மூடியிருக்கோம். ஐயோ, என்ன காரியம் பண்ணினேன்!"

ரபினா கையை நீட்டி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். மன்னிப்பா, கோபமா என்று ஃபுர்பாவுக்குத் தெரியவில்லை. இரண்டும் இல்லை. அவள் பார்வை உருண்டு கிடந்த சொம்பின் மேல் இருந்தது.

கோமா தவழ்ந்து போய் அதை எடுத்துப் பால் மொண்டு வந்தாள். வரும் வழியில் பாதி சிந்திற்று. மிச்சத்தை ரபினாவின் உதட்டில் வைத்து, சொட்டுச் சொட்டாக, முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தாள்.